பின்சில்லுக்குக் கல்

துறைமுக வீதியில் களஞ்சியம் கட்டும் இடத்தில், சீமெந்துப் பை இறக்கும்போது லொறியின் பின்பக்கத்திலிருந்து விழுந்த சின்னராசா, காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். வாக்குமூலம் எழுதப் பொலிஸ்காரர் வருகிறார் என்று தாதி சொல்லிவிட்டுப் போனார்.

"லொறி ஓடினதோ, நிண்டதோ? அதைத்தான் கேப்பினம்," என்றாள் மனைவி நிரோஜினி. "ஓடினதெண்டால் லொறி ஓட்டுற ஹஸ்மி தம்பியின்ர லைசன்ஸ் போயிடும்."

"நிண்டதுதான்."

"அப்ப ஏன் விழுந்தனீங்கள்?"

"ஓடினபடியால்."

"என்ன கதை இது?"

"அந்த இடம் இறக்கம். லொறிக்குக் கைப்பிறேக் பிடிக்காது. பை இறக்க முதல், உருளாமல் பின்சில்லுக்குக் கல்லு வைக்கிறது என்ர வேலை. நேற்று வைச்சது ஞாபகம். முந்தநாள் வைச்சதும் ஞாபகம்."

"இண்டைக்கு?"

"அதுதான் நேற்று வைச்சதோட கலந்துபோச்சு."

லொறிச் சாரதி ஹஸ்மி வந்து கட்டிலருகே நின்றான். குறிஞ்சாக்கேணிக்காரன். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, ஒண்டு கேக்கட்டா? நான் லொறிய எடுத்தனா?"

"நீதானே ஓட்டுற ஆள்."

"ஓம். ஆனா சத்தம் கேட்டு இறங்கி ஓடி வந்ததுதான் தெரியும். அதுக்கு முன்ன பிறேக்குல கால் இருந்ததா, இல்லையா? நெனைக்க நெனைக்க ஒவ்வொரு மாதிரி வருது."

"கல்லைக் கண்டனியோ?"

"அங்கதான் கிடந்தது. சில்லுக்குக் கீழயா, பக்கத்திலயா எண்டு பாக்கல்ல. உங்களத் தூக்க இடம் வேணுமெண்டு நான்தான் காலால தள்ளிட்டன்."

நிரோஜினி தலையில் கைவைத்தாள். "விழுந்தவருக்கும் தெரியாது, ஓட்டினவருக்கும் தெரியாது. இனி லொறியைத்தான் கேக்கோணும்."

பொலிஸ்காரர் வந்து கதிரையை இழுத்துப்போட்டுக் கொப்பியை விரித்தார். "ஆரின்ர பிழை?"

"என்ர," என்றார்கள் இருவரும்.

"ஒராள் சொல்லுங்கோ."

சின்னராசா ஹஸ்மியைப் பார்த்தார். கால் வழுக்கியது என்று சொன்னால் முடிந்துவிடும். அது பொய்யா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ஐயா, நான் கல்லு வைச்சனானோ தெரியாது. லொறி அசைஞ்சதோ தெரியாது. காலுக்குக் கீழ ஒண்டும் இல்லாமல் போனது மட்டும் தெரியும். அப்பிடியே எழுதுங்கோ."

பொலிஸ்காரர் எழுதினார், வாசித்துக் காட்டினார், கையெழுத்து வாங்கினார். "லொறியைப் பாக்க ஆக்கள் வருவினம். அதுவரைக்கும் ஒருத்தரும் எடுக்கப்படாது."

"என்ட லைசன்ஸ்?" என்றான் ஹஸ்மி.

"நான் இன்னும் கேக்கேல்லையே."

ஹஸ்மி அதை ஏற்கெனவே எடுத்து நீட்டியிருந்தான். பொலிஸ்காரர் போன பிறகும் அவன் கை அப்படியே நின்றது.

"உள்ள வையுங்கோ தம்பி," என்றாள் நிரோஜினி.

"வைக்கலாமா, அக்கா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி, கல்லு வைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.