பதினோரு நாள் முந்தி வந்த முகூர்த்தம்

ஆண்டர்சன்பேட்டை ஏசுபாதம் கல்யாண வீடியோவைக் கல்யாணத்துக்குப் பதினோரு நாள் முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். முதல் குழந்தைக்குக் காது குத்துகிற வரை ஆல்பத்துக்கு அலையவிடுகிற வீடியோக்காரர்கள் மற்ற ஊர்களில் உண்டு. கோலார் தங்கவயலில் ஏசுபாதத்தைப் பற்றி அப்படி ஒரு புகார் வந்ததே கிடையாது. முகூர்த்தத்துக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது மண்டபத்துச் சாவியை வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போவார். காலி நாற்காலிகளைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, மாப்பிள்ளை முகம் மறையுது என்பார். ஆளில்லாத மேடையை மூன்று பக்கமும் சுற்றி வருவார். ஆளில்லாத பந்தியில் ஒவ்வொரு இடமாக நின்று எடுப்பார், யாரோ வாயில் சோற்றோடு வெட்கப்பட்டது போல அவரும் சிரித்துக்கொள்வார். இரண்டு நாள் கழித்துப் பென்டிரைவ் கைக்கு வரும். மாலை ரிசப்ஷன் தொடங்கி, கடைசிப் பந்தி எழுந்து கை கழுவுகிற வரைக்கும் அதில் இருக்கும். கல்யாணத்தன்று கேமரா இல்லாமல் வந்து, இரண்டாம் பந்தியில் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஊர் இதை ஒரு அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு மேலே வந்து சேருமுன்பே மணி அடிக்கிற கணக்கை வைத்து, ஏறி வருவது ஆளா கல்லா என்று சொல்லிவிட்டவர்களின் பிள்ளைகள்தானே இங்கே இருப்பவர்கள். சமையல்காரர்கள் வீடியோவில் இலையை எண்ணிவிட்டு அரிசி போட்டார்கள். மழை தெரிந்தால் பந்தல்காரரிடம் தகரம் கேட்டார்கள். வீடியோவில் இருப்பதை மாற்ற முடியுமா என்று பார்த்தவர்களும் உண்டு. அரிசி மண்டி பிரதாப், தம்பி கல்யாண வீடியோவில் கை கழுவுமிடத்தில் தான் வழுக்கி விழுவதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. மூன்றாம் பந்தி முடிந்ததும் யாரோ குழந்தைக்குக் கை கழுவிவிடச் சொல்ல, போனார், விழுந்தார்.

பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஆறுமுகத்தின் மனைவி பத்மா, தன் மகள் வாணியின் கல்யாணத்துக்கு ஏசுபாதத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாப்பிள்ளை ஹேமந்த் பெங்களூருக்காரன். சம்பந்தியம்மா சுமா அங்கிருந்தே எட்டு பேர் கொண்ட குழுவை, ட்ரோனோடு, அனுப்புவதாகச் சொல்லி சாம்பிள் வீடியோவும் அனுப்பினாள். அதில் ஒரு பெண்ணும் ஒரு மாப்பிள்ளையும் புல்வெளியில் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தார்கள். இதுல சொந்தக்காரங்க எங்க என்று பத்மா கேட்டாள். அடுத்து ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோ ஒன்றைப் பார்த்தார்கள். அவர்கள் தாலி கட்டும்போது வானத்திலிருந்து இரண்டு அன்னம் இறங்கும் என்றார்கள், அதற்கும் மூக்கைச் சுளித்தாள். ஆறுமுகத்துக்கு ஏசுபாதம் வேண்டாம். நடக்கப்போவதை முன்கூட்டித் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். சோறு மிஞ்சாது, சாம்பார் பத்தாமல் போகாது என்று என்னென்னவோ சொல்லிச் சமாளித்தாள். அத்தனையும் பொய்.

உண்மை இதுதான். அவளுக்கு நரேஷ் என்று ஒரு மகன் இருந்தான். ஆறு வருஷத்துக்கு முன் சாரா என்கிற கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றபோது, பத்மா கடை வாசலில், நாலு பேர் கேட்க, அவளைக் கட்டினால் என் பிணத்தைப் பார்க்கக்கூட வராதே என்று சொல்லிவிட்டாள். அவன் கட்டினான். வரவில்லை. இருப்பது என்னவோ பங்காருபேட்டையில், ஆட்டோவில் போனால் அரை மணி. வாணி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயில் அங்கே நிற்கும்போது அண்ணனும் தங்கையும் ஜன்னலோரம் பேசிக்கொள்வது பத்மாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தாள். கடைக்கு வரும் பங்காருபேட்டைக்காரர்களிடம் சுற்றி வளைத்துக் கேட்டே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பச்சை கேட் போட்ட வீடு என்பது வரை தெரிந்து வைத்திருந்தாள். தானாகப் போய்க் கூப்பிட வாய் வரவில்லை. அவனாகவே வருவானா என்று பார்த்துவிட்டால் போதும். அதற்குத்தான் ஏசுபாதம்.

பென்டிரைவ் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையைச் சாத்திவிட்டு மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பத்மா வாசற்படிப் பக்கமாகவே கண்ணை வைத்திருந்தாள். பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள், வேலூர் சித்தப்பா வந்தார், யாரென்றே தெரியாத ஒருவர் இரண்டு பந்தியில் சாப்பிட்டார். நரேஷ் வரவில்லை. திரும்பப் போடச் சொன்னாள். தூணுக்குப் பின்னால், ஐஸ்கிரீம் வரிசையில், செருப்பு விட்ட இடத்தில் எல்லாம் தேடினாள். மூன்றாம் தடவை ஓடும்போது வாணிதான் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள்.

"அம்மா, நீ எங்கம்மா?"

திரையில் தாரை வார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகத்தின் கைமேல் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டியது பெண்ணைப் பெற்றவள். ஊற்றியது ஓரகத்தி ஷைலா. ஆறுமுகம் ஊற்றுகிற கையைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். முதல் நாள் ரிசப்ஷனில் பத்மா இருந்தாள். காலையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். எட்டு பத்துக்குச் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இடது தூணைத் தாண்டிப் போனாள். அப்புறம் கடைசிப் பந்தி எழும் வரைக்கும் இல்லை. மூன்று தடவை பார்த்தும் மகனைத் தேடுகிற மும்முரத்தில் தான் இல்லாததை அவள் கவனிக்கவேயில்லை.

பெற்ற மகளின் முகூர்த்தத்தில் தாய் இல்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தாலி ஏறும் வரைக்கும் சாவுச் செய்தியை வெளியே விடாமல் மூடி வைத்திருப்பார்கள், எந்தக் கல்யாண வீட்டிலும் அப்படித்தானே செய்வார்கள். ஆறுமுகம் ஏசுபாதத்தின் வீட்டுக்கே ஓடினார், பத்மாவும் பின்னாலேயே போனாள். ஏசுபாதம் இருவருக்கும் டீ கொடுத்துவிட்டு, "யார் இருக்காங்களோ அவங்களத்தான்க்கா எடுக்க முடியும். இல்லாதவங்க ஏன் இல்லன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

சம்பந்தி வீட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பதினோரு நாளும் வீடு பத்மாவைத் தரையில் நடக்க விடவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று அழுத வாணியை அதட்டி அடக்கினாள். முப்பது வருஷமாக டீ கூடப் போட்டறியாத ஆறுமுகம் உப்புமா கிண்டிக் கொடுத்தார், அதில் உப்பில்லை, அவளும் நன்றாக இருக்கிறது என்றே சாப்பிட்டாள். பீரோ சாவி எங்கே, குழம்புப் பொடி எந்த டப்பாவில் என்று ஷைலாவுக்குக் காட்டிக் கொடுத்தாள். சாவதற்கு அவளுக்கு அவ்வளவாகப் பயமில்லை. அந்த நாட்களில் ஊரே ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத் தெரிந்தது. சுரங்கத்துக் கழிவாக வெள்ளையாகக் கிடந்த சயனைடு மண்மேடுகள் வெயிலில் மெல்ல மூச்சு விடுவதைக்கூட அவள் இரண்டு தடவை பார்த்தாள்.

கல்யாணத்தன்று விடிந்தபோது உயிரோடுதான் இருந்தாள். ஏழு மணிக்கும் இருந்தாள். சந்தனம் கொடுத்தாள், வாணியின் தலைப்பூவைச் சரிசெய்தாள். எட்டு பத்துக்குக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள், பார்க்காமல் எப்படி இருப்பாள். கிண்ணத்தை ஷைலாவிடம் கொடுத்துவிட்டு இடது தூணைத் தாண்டி, பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கூட்டத்து நடுவே விழுந்து கல்யாணத்தைக் கெடுக்கக் கூடாதல்லவா. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு காத்திருந்தாள். நெஞ்சு வலிக்கவில்லை. மூச்சு ஒழுங்காக வந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தான் செத்தாலும் நரேஷ் வர மாட்டான். சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை அவன். பிணத்தைக்கூடப் பார்க்க வராதே என்று சொன்னவள் அவள்தான், அதை எடுத்துவிட வேண்டியவளும் அவள்தான், அதற்கு எத்தனை நிமிஷம் மிச்சமிருக்கிறதென்று தெரியவில்லை.

வாசலில் ஆள் இறக்கிக்கொண்டிருந்த தங்கவேலுவின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்க, சீக்கிரம் போ, பங்காருபேட்டை வரைக்குமாவது நான் தாங்கணும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி தூரத்தில் திடீரென்று பேச்சு நின்றது. கண்ணாடியில் தங்கவேலு பார்த்தபோது, பட்டுப்புடவையில் இருந்த கல்யாணப் பெண்ணின் தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. தான் ஏன் வீடியோவில் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பச்சை கேட்டைத் திறந்தது சாரா. இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை, நரேஷின் காதுகளோடு. பின்னால் வந்த நரேஷ் அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான், தலையில் அங்கங்கே நரைத்திருந்தது. வாணி நேரில் கூப்பிட்டும் அவன் கிளம்பவில்லை, அம்மா சொல்லாமல் வரக் கூடாது என்றுதான்.

"என் பொணத்தப் பாக்க வராதன்னு சொன்னனே, அது தப்பு," என்றாள் பத்மா. "வரணும். அதுக்கு முன்னாடியும் வரணும். மூணு பேரும் கெளம்புங்க."

நரேஷுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினான். "மணி ஒம்பதாவுதும்மா. தாரை வாக்க நீ அங்க இருக்கணும். தாலி கட்டறத நீ பாக்க வேணாமா?"

"நல்லாக் கட்டினாரு," என்றாள் பத்மா. "நான் பாத்துட்டேன்."

சாராவிடம் கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்துப் பார்த்தது. சாரா காபி போட்டாள், பத்மா இரண்டு தம்ளர் குடித்தாள். சாரா புடவை மாற்றிக் கிளம்ப நேரமானது, யாரும் அவசரப்படுத்தவில்லை. மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது கடைசிப் பந்தி எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தது. ஆறுமுகம் வாசலிலேயே நின்றிருந்தார், நாலு பேர் இறங்குவதைப் பார்த்துவிட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சமையல்காரர் முனிரத்தினம் வீடியோவைப் பார்த்து எண்ணிப் போட்ட சோற்றில் அந்த நாலு பேருக்குக் கணக்கில்லை. அடியில் இருந்த ரசமும் மோரும் கொஞ்சம் கத்திரிக்காயும்தான் கிடைத்தன. வாணி மாலையோடு வந்து அண்ணன் இலைக்குப் பரிமாறினாள்.

அந்த வீடியோவை இப்போதும் வீட்டில் போட்டுப் பார்க்கிறார்கள். தாரை வார்க்கிற இடம் வரும்போதெல்லாம் நரேஷின் மகள், பாட்டி எங்கே என்று கேட்கும். உங்கள் வீட்டில் இருந்தேன் என்பாள் பத்மா, குழந்தை சரியென்று தலையாட்டிவிட்டு மேலே பார்க்கும்.