கூட்டேரிப்பட்டு என்றொரு துண்டு

அரைப் பக்கம் நீளும் கணக்குக் கோவையைக் கணினியில் அப்படியே தட்டினால், எங்கே தப்பு என்று தேடியே உயிர் போகும். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இஷ்டப்பட்ட பெயர் வைத்து, கடைசியில் பெயர்களைச் சேர்த்தால் போதும் என்று விழுப்புரத்துக் கல்லூரியில் கணக்கு வாத்தியார் பாண்டுரங்கன் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அப்படிப் போட்டு வரச் சொல்லி ஒரு கணக்கும் கொடுத்தார். வந்த விடைகளில் இரண்டில் ஒரே பெயர்கள்: விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம். ஒன்று திண்டிவனத்துப் பையன் அரிபிரசாத்தினுடையது. இன்னொன்று அதே வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் பவானியினுடையது. அவருக்குச் சுருக்கென்றது. வாத்தியார் மகளே காப்பி அடித்தால் ஊர் சிரிக்காதா?

அரிபிரசாத்தைக் கூப்பிட்டார். "யாரைப் பார்த்துடா யார் போட்டது?"

"யாரும் பார்க்கலைங்க சார். கணக்கு கொடுத்த அன்னிக்கே, வீட்டுக்குப் போய்க்கினு இருக்கச்சே பஸ்ஸுல செல்போன்லயே போட்டேன். எந்த ஊர் வந்துச்சோ அந்தப் பேரை வச்சேன்."

கதை விடுகிறான் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகத் துருவினார். பையன் வர்க்கமூலத்துக்குள் இருந்ததைக் கூட்டேரிப்பட்டு என்றிருந்தான். பவானியோ பின்னத்தின் கீழே இருந்ததை. பெயர்கள்தான் ஒன்று, பிரித்த விதம் வேறு. அவரவர் மூளையால் போட்டதுதான். அப்பாடா என்று இருவருக்கும் முழு மார்க் போட்டார்.

போட்ட பிறகுதான் உறைத்தது. அவர் வீடு கண்டமங்கலத்தில். அந்த ஊருக்குப் போகும் பஸ் திண்டிவனம் பக்கமே போகாது. கணக்கு கொடுத்த அன்று வீட்டுக்குத் தாமதமாக வந்த பவானி, "லைப்ரரியில படிச்சிக்கினு இருந்தேம்பா" என்றுதான் சொன்னாள்.

இந்தப் பெண் காப்பியே அடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா?