தாளுக்கு அடியில் ஒரு முடி

“அப்போ ‘ஆர்வங்கள்: தூக்கம்’னு போட்டுடட்டுமா?”

“போடுங்க அண்ணி. பொய் இல்லையே.”

“பொய் இல்லதான். ஆனா அதைப் படிச்சிட்டு எவன் தன் முதுகை நம்பிக் கொடுப்பான்? படுத்தவன் எந்திரிச்சுப் பார்க்கும்போது நீ ஓரமா குறட்டை விட்டுட்டு இருந்தா?”

வரவேற்பு மேசைக்குப் பின்னால் அண்ணி பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே, கையில் ஆறிப்போன தேநீருடன் அவளுடைய நாத்தனார். காத்திருப்பு அறையின் சுவரில் புதிதாக ஒரு பலகை மாட்டப் போகிறார்கள். மூன்று புகைப்படங்கள், ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து வரி. எங்கிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தார்கள், வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்வார்கள் என்று. யோசனை அண்ணனுடையது. முன்பின் தெரியாத ஒருவரிடம் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுப்பதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசை இருக்கும் என்பது அவன் வாதம்.

அது ஆஸ்டியோபதி கிளினிக். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. எலும்பையும் தசையையும் மூட்டையும் கையாலேயே தொட்டுப் பார்த்து, அழுத்தி, இழுத்து, திருப்பிச் சரிசெய்வதுதான் வேலை. வருகிறவர்கள் அவர்களை எலும்பு டாக்டர் என்பார்கள். “நாங்க எலும்பு டாக்டர் இல்லைங்க” என்று அண்ணி தினமும் ஒரு முறையாவது போனில் சொல்லிக்கொண்டிருப்பாள். மறுமுனையில் இருப்பவர் “சரிங்க, எலும்பு டாக்டர் எப்போ வருவாரு?” என்று கேட்பார்.

அண்ணனின் வரிகள் தயாராகிவிட்டன. ‘இளமையில் லாரி ஓட்டினார். ஒருநாள் டயர் மாற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. தன்னை நிமிர்த்திவிட்டவரைப் பார்த்துத் தானும் இந்தத் தொழிலுக்கு வந்தார். ஆர்வங்கள்: பழைய ரேடியோக்களைப் பிரிப்பது.’

“பிரிக்கிறதோட சரி. பூட்டி நான் பார்த்ததில்ல. அதையும் சேர்த்து எழுதிடவா?” என்றாள் அண்ணி.

மூன்றாவது ஆளான புதுசு வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, ஆனாலும் பெயர் புதுசுதான். ‘கால்பந்து அணியில் கோல்கீப்பராக இருந்தவர். முழங்கால் போன பிறகு மற்றவர்களின் முழங்கால்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஆர்வங்கள்: கடலைப் பார்ப்பது. நீச்சல் தெரியாது.’

“உனக்கு உங்க அண்ணனே எழுதிக் கொடுத்துட்டாரு. கேளு.” அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “‘அண்ணன் படுக்கையில் கிடந்தபோது பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்துவிட்டு அவர் முதுகைப் பிடித்துவிட்ட தங்கை. பின்னர் அவருடன் ஒரே வகுப்பில் படித்தவர். டெலிபோன் புத்தகத்தின் பதினோரு தாள்களுக்கு அடியில் இருக்கும் ஒற்றைத் தலைமுடியை விரலாலேயே கண்டுபிடிப்பவர்.’ அடேங்கப்பா. கட்டின பொண்டாட்டியைப் பத்தி இப்படி ஒரு வரி எழுதியிருப்பாரா அந்த மனுஷன்?”

அண்ணி சிரித்தாள். நாத்தனாரும் சிரித்தாள். மேசைக்கு அடியில் அவளுடைய வலது கை ஒருமுறை விரிந்து மூடிக்கொண்டது.

முடி விஷயம் பொய்யல்ல. கல்லூரியில் முதல் பாடமே அதுதான். ஒரு தாளுக்கு அடியில் முடியை வைப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு அது எங்கே கிடக்கிறது என்று தடவிச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு தாள், மூன்று தாள். வகுப்பில் மற்றவர்கள் ஐந்தாறு தாள்களில் நின்றுவிட, அவள் மட்டும் பதினொன்றுக்குப் போனாள். லாரி ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மூன்றாவது தாளிலேயே தோற்றுவிட்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, “இது என் தங்கச்சி இல்லய்யா, வெறும் விரலு” என்றான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் விரல்.

அந்த விரல்தான் இப்போது இல்லை.

மழை ஆரம்பித்த சமயத்தில் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் மரத்துப்போகத் தொடங்கின. கையைத் தலைக்கு வைத்துப் படுத்ததால் இருக்கும் என்று நினைத்தாள். மரப்பு போகவில்லை. எங்கே நரம்பு நசுங்கினால் எந்த விரல் மரக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். தன் மணிக்கட்டைத் தானே தட்டிப் பார்த்தாள், முழங்கையை அழுத்தினாள், கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு வாரம் மணிக்கட்டுதான் காரணம் என்று தீர்மானிப்பாள், அடுத்த வாரம் கழுத்து. வேறு யாரிடமும் காட்டவில்லை. தன்னிடம் வருகிற ஒருவர் இப்படிச் செய்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தாள். ஆனால் சொன்ன நிமிடமே அவன் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவான். கையை எடுத்துவிட்டால் தன்னிடம் மீதி என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆர்வங்கள் என்ற இடத்தில் எழுதக்கூட எதுவும் அகப்படவில்லையே.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரம்மா உள்ளே வந்தார். நாளெல்லாம் மிஷினில் குனிந்திருப்பவர், தோள்பட்டை இறுக்கத்துக்காகப் போன வாரம் அவளிடம் வந்து போயிருந்தார்.

“டாக்டரம்மா, குறை சொல்ல வரல. ஒரே ஒரு தடவை பார்த்துடுங்க.”

அறைக்குள் போய்த் தோளைக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விரல்நுனி அகலத்துக்குக் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. ஓரங்களில் மஞ்சள்.

“வலி என்னமோ போயிடுச்சு. ஆனா என் வீட்டுக்காரர் பார்த்துட்டு, யாரோடடி சண்டை போட்டேன்னு கேக்குறாரு. உங்க கை இப்படி இருக்காதே, பூ வெச்ச மாதிரில்ல இருக்கும். அன்னைக்கு வேற யார் மேலயோ கோபமா?”

“இல்லம்மா. கொஞ்சம் அதிகமா அழுத்திட்டேன் போல. மன்னிச்சுக்கோங்க.”

“அட, இதுக்குப் போய் மன்னிப்பா. அடுத்த தடவை உங்க ரவிக்கையைக் கொஞ்சம் இறுக்கித் தைச்சுடுறேன், சரியாப் போயிடும்.”

தையல்காரம்மா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுப் போனார். அவள் அந்த அறையிலேயே நின்றாள். ஏன் நடந்தது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. தசை எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தளர்கிறது என்று விரல் சொல்லாதபோது, அது சொல்லும்வரை அழுத்தத் தோன்றும். காது மந்தமானவர்கள் சத்தமாகப் பேசுவதைப் போல.

மதியம் அண்ணன் ஒரு பழைய டெலிபோன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கே தேடிப் பிடித்தானோ, அட்டை பிய்ந்து தொங்கியது.

“விரலு, வா வா. வீடியோ எடுத்துப் போடப் போறோம். பலகையில எழுதினா மட்டும் போதுமா, ஜனங்க நம்ப வேண்டாமா?”

“இப்போ எதுக்குண்ணா? கை ஈரமா இருக்கு.”

“துடைச்சுக்கோ. அதுக்குத்தான் துண்டுன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க.”

முடி கொடுக்க அண்ணி மறுத்துவிட்டாள், இருப்பதே கொஞ்சம் என்று. புதுசு தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பின்னால் தாள்கள் சரசரத்தன, மேலே மின்விசிறி கடகடத்தது, போனை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அண்ணனும் அண்ணியும் வழக்குப் பேசினார்கள்.

“ஆரம்பிக்கலாமா? ஆச்சு, ஓடுது. வா,” என்றான் அண்ணன்.

புதுசு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணன் கையமர்த்தினான்.

அவள் கண்களை மூடிக்கொண்டு தாளின்மேல் விரல்களை வைத்தாள். ஒன்றுமில்லை. பனி மூடிய வயலில் நடப்பது போலிருந்தது. மேலிருந்து கீழே வந்தாள், இடமிருந்து வலம் போனாள். அப்போதுதான், இடது ஓரத்தில், மெல்லிய ஒரு கோடு. தூரத்தில் யாரோ தன் பெயரைச் சொன்னதுபோல அவ்வளவு மெலிதாக. விரலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். இருந்தது. மறுபடியும் இருந்தது.

“இங்க,” என்றாள்.

புதுசு தலையைச் சொறிந்துகொண்டே முன்னால் வந்தான். புத்தகத்தின்மேல் குனிந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். கடைசியில் இரண்டு விரல் இடுக்கில் குட்டையான ஒரு முடியைத் தூக்கிக் காட்டினான்.

“பார்த்தியா, பார்த்தியா,” என்று அண்ணன் தொடையில் தட்டினான். “எங்கம்மா வயித்துல எனக்குக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்து இவளே வாங்கிட்டு வந்துட்டா.”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. திரும்பி வந்துவிட்டது. மணிக்கட்டுதான் காரணமாக இருந்திருக்கும், தட்டி அழுத்திவிட்டதில் சரியாகிவிட்டது. அண்ணியின் மேசையைக் கடக்கும்போது, “தூக்கத்தை அடிச்சிடுங்க அண்ணி. ‘நடப்பது’ன்னு போடுங்க. காலைல நடக்கப் போகப் போறேன்” என்றாள். அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

துவைத்த துண்டுகள் அடுக்கிய சின்ன அறையில் அவள் துண்டுகளை எண்ணாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டிருந்தபோது புதுசு வாசலில் வந்து நின்றான்.

“அக்கா.”

“என்னடா? உன் முடி உனக்கு வேணுமா?”

அவன் சிரிக்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

“தாளுக்கு அடியில முடியே இல்லக்கா.”

அவள் துண்டைப் பிடித்தபடி நின்றாள்.

“ஃபேன் காத்துல பறந்துடுச்சு. வேற ஒண்ணு வைக்கலாம்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள சார் வீடியோவை ஆரம்பிச்சுட்டாரு. நீங்க எப்படியும் ‘இங்க எதுவும் இல்லடா’ன்னு சொல்வீங்க, அதுவே பெரிய தமாஷா இருக்கும்னு விட்டுட்டேன். நீங்க இங்கன்னு சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. இன்னொரு முடியைப் பிடுங்கிக் குனிஞ்சு…”

“எனக்குத் தெரிஞ்சுதுடா,” என்றாள் அவள். தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. “கோடு மாதிரி. நிஜமாவே இருந்துச்சு.”

“தையல்காரம்மா தோளையும் பார்த்தேன் அக்கா. வெளியே போகும்போது எங்கிட்டயும் காட்டினாங்க.” அவன் தரையைப் பார்த்தான். “சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா மூட்டிவிட்ட மாதிரி ஆயிடும்.”

“சொல்றேன். இந்த வாரம் போகட்டும்.”

“இந்த வாரத்துக்குள்ள யாராவது கழுத்து வலியோட வந்தா?”

அவள் துண்டுகளை வாரி எடுத்துக்கொண்டாள். மரத்துப்போனதுகூடப் பெரிதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மரத்த விரல் ஒன்றும் சொல்லாது, அவ்வளவுதான். இது பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அதையும் அவளுக்கு மிகவும் பிடித்த குரலில் சொல்கிறது.

துண்டுகளோடு தன் அறைக்கு வந்தபோது சிகிச்சைக் கட்டிலில் அண்ணன் மல்லாந்து படுத்திருந்தான். காலணிகள் ஓரமாகக் கிடந்தன.

“அடுத்த ஆளு லேட்டாம். கழுத்தைக் கொஞ்சம் பாரேன். நேத்துலேருந்து வலப்பக்கம் திரும்ப மாட்டேங்குது. லாரிக்காரனுக்குப் பக்கத்துக் கண்ணாடி தெரியலன்னா எப்படி?”

“அவனைக் கூப்பிடட்டுமா?”

“யாரு, புதுசையா? பந்தைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பான். என் தலையை வாங்கிக்கிட்டு எங்கயாவது உதைச்சு விட்டுடுவான். நீ வா.”

அத்தனை வருடங்களில் அவன் தன் கழுத்தை வேறு யாரையும் தொடவிட்டதில்லை. அவள் துண்டுகளை வைத்தாள். தலைமாட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் அவன் பிடரிக்கு அடியில் கொடுத்தாள்.

அவன் கண்களை மூடித் தலையின் முழுப் பாரத்தையும் அவள் கையில் விட்டான். பலர் இதைச் செய்வதில்லை. கொஞ்சம் பாரத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். கழுத்தைச் சட்டென்று திருப்பி விடுவிப்பது மயிரிழை வேலை. குறைந்தால் பலன் இல்லை. கூடினால் என்ன ஆகும் என்று வகுப்பில் ஒருவன் கேட்டபோது, எதற்கும் நீளமாகப் பதில் சொல்கிற வாத்தியார் அன்று ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தப் போனார்.

இடது கைக்குத் தெரிந்தது. கயிறுபோல் இறுகிய தசை, அதற்குக் கீழே அடுக்கடுக்காக எலும்புகளின் முனைகள், அவன் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கோணலாக இருக்கிற அந்த மூன்றாவது முனை. வலது கையில் கனமான, வெதுவெதுப்பான ஏதோ ஒன்று இருந்தது. அவ்வளவுதான். பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அங்கேயும் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. தெளிவாக. இதோ, இங்கேதான், திருப்பு என்றது விரல்.

“அண்ணி உன்னைப் பத்திச் சொல்லிட்டு இருந்தா,” என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். “நடக்கப் போறியாமே. நல்லதுதான். நானும் வரேன். ரெண்டு பேரும் ஒண்ணா எங்கயாவது போய் எவ்வளவு நாளாச்சு.” பெருமூச்சு விட்டான். தலை இன்னும் கனத்தது. “ம். திருப்பு. நான் ரெடி.”

அவள் கைகளை அசைக்கவில்லை. மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, அவன் பிடரிக்கு அடியிலிருந்து எடுத்தாள். தலை தலையணையில் இறங்கியது.

“அண்ணா, கண்ணைத் திற. எந்திரிச்சு உக்காந்து, என் கையைக் கொஞ்சம் பாரேன்.”