தண்ணீர் ஊற்றக் கூடாத பானை

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். லின்ஃபீல்டில், கிளமென்ட் அண்ணையின் வீட்டில், என் கையால் செய்த பிழையிலிருந்து கிடைத்தது.

தொடக்கம் ஒன்று: ‘அரிசோனாவில், மேட்டு நிலத்து ஹோப்பிப் பழங்குடியினரின் ஊரொன்றில், ஒரு பெண் வழவழப்பான கல்லால் பானையைத் தேய்த்துக்கொண்டு...’

(விட்டுவிட்டேன். நான் அரிசோனாவைக் கண்டதில்லை. ஆனாலும் பஸ்ஸில் கண் அயர்ந்தால் அவள் வருகிறாள். தேய்க்கிறாள், தேய்க்கிறாள், முகம் மட்டும் திரும்புவதில்லை.)

2

அண்ணை ஈப்போக்காரர். பானைகள் சேர்ப்பவர். இந்தப் பானையை அவரும் மனைவி எலிசபெத்தும் அந்த ஹோப்பிப் பெண்ணின் வீட்டுக்கே போய் வாங்கினார்கள். தேன் நிறம், நெருப்புப் பட்ட இடத்தில் செம்மை, தோளைச் சுற்றித் தீட்டிய பறவை இறகு. எலிசபெத் அக்கா விமானத்தில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். அடுத்த வருடம் அவர் இல்லை.

பானைகள் இருக்கும் அலுமாரியின் சாவியை அண்ணை தந்திருப்பது வீட்டு வேலைக்கு வந்துபோகும் எனக்கு மட்டும்தான், தூசு தட்ட.

3

அண்ணையின் மகள் ஷாரோன் மெல்பனில் கல்யாணம் முடித்து, மாப்பிள்ளை நிமலனோடு வந்த நாள். அண்ணை விமான நிலையத்துக்குப் போய்விட்டார். தாயில்லாத பிள்ளை வெறும் வாசலால் வரலாமோ? நிறைகுடம் வைக்கக் குடம் இல்லை. அலுமாரியைத் திறந்து அந்தப் பானையை எடுத்தேன். தண்ணீர், எலுமிச்சை இலை (மாவிலைக்கு எங்கே போக?), தேங்காய். பார்க்க அவ்வளவு வடிவு.

விமானம் ஒரு மணி நேரம் தாமதம். அதற்குள் மண் தண்ணீரைக் குடித்துவிட்டது. மினுக்கம் செத்து, இறகு என் விரலோடு வந்தது. சேர்ப்பவர்கள் பார்த்து மகிழவென்று செய்த பானை, தண்ணீருக்கல்ல. கோதாரி விழுந்த கை! துடைத்து, கறையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துப் பூட்டினேன்.

மூன்று மாதமாகிறது. அண்ணைக்குத் தெரியாது.

4

முதல் வரைவில் தண்ணீர் ஊற்றியவள் நிசாந்தினி என்றொரு கற்பனைப் பெண். பானையைப் பூச்சாடியாக்கியிருந்தேன். நான் எழுதுவதையெல்லாம் முதலில் வாசிப்பவர் அண்ணைதான்.

“பூச்சாடில தண்ணி ஊத்துனா என்னாம்மா கெட்டுப்போவும்? கதை நிக்கலையே, நிலானி.”

“ஓம் அண்ணை. மாத்தி எழுதுறன்.”

“அந்தப் பொண்ணு ஏன் வாயத் தொறக்கவே இல்ல? சொன்னா அவரு கடிச்சா தின்னுடுவாரு?”

“இனி வீட்டுப் பக்கம் வராதை எண்டு சொல்லிப்போடுவாரோ எண்டு பயம்.”

அவர் சிரிக்கவில்லை. “முடிவ எழுதிக் குடு” என்றார்.

5

முடிவு அ: அவர் மன்னிக்கிறார். (எனக்கு நானே கொடுக்கும் மன்னிப்பு. வெட்டினேன்.)

முடிவு ஆ: அவர் என்னோடு கதைப்பதை...

(அழுகை வந்துவிட்டது. எழுதவில்லை.)

இந்த வரைவில் நிசாந்தினி இல்லை, பூச்சாடியும் இல்லை.

கிளமென்ட் அண்ணை, இவ்வளவும் வாசித்துவிட்டீர்கள். சாவியை இந்தத் தாளோடு வைத்திருக்கிறேன். எழும்பிப் போய்ப் பானையைத் திருப்பிப் பாருங்கோ. நான் வெளியில் நிற்கிறேன். கூப்பிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.