அழியாத தனக்கோடி

தனக்கோடி அண்ணன் எம்.எல்.ஏ. ஆகி இரண்டு வருடத்தில் சட்டமன்றத்தில் ஒரே ஒரு முறை பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், ஏ.சி. கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்றார். இதை நான் எங்கள் கல்லூரியின் கையெழுத்துப் பத்திரிகையில் ‘கன்னிப் பேச்சு’ என்ற தலைப்பில் எழுதினேன். அப்போது நான் பி.ஏ. முதலாம் ஆண்டு. நாட்டைத் திருத்துவதற்கு அதுதான் சரியான வயது என்று நினைத்திருந்தேன்.

மறு வாரமே விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருந்த அவருடைய ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அடி விழும் என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவர் மேஜையில் என் கட்டுரையின் ஜெராக்ஸ் இருந்தது.

“இத எழுதுனது நீதானா தம்பி?”

“ஆமாண்ணே.”

“என்னைத் திட்றதுக்கே இவ்ளோ யோசிக்கிறியே. எனக்காக யோசிச்சா நாம எங்கியோ போயிடலாம்.”

பிறகு இரண்டு பரோட்டாவும் கோழிக் குழம்பும் வாங்கிக் கொடுத்தார். சுதந்திரப் பத்திரிகையாளனாக நான் வாழ்ந்தது பதினோரு வாரம். மூன்றாவது பரோட்டா வந்தபோது நான் அவருடைய ஆலோசகன் ஆகியிருந்தேன்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம் இருந்தது. அது சுண்ணாம்பு. ஜெயித்த மறுநாள் அவர் செய்த முதல் மக்கள் பணி, தொகுதியில் இருந்த பஸ் நிழற்குடைகளில் எல்லாம் பழைய எம்.எல்.ஏ.வின் பெயரைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தது. ஐந்து வருடம் ஆண்ட மனிதர் ஒரே ஒரு வாளியில் காணாமல் போனார். அதிலிருந்து சுண்ணாம்பு வாளியை எங்கே பார்த்தாலும் அண்ணன் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். தொகுதி நிதியில் அவரும் புதிதாகப் பதினேழு நிழற்குடை கட்டினார். ஒவ்வொன்றிலும் பெயர் எழுத வேண்டிய நேரம் வந்தபோது அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

“நாளைக்கி எவனாவது வந்து அடிச்சிட்டுப் போயிடுவான் தம்பி. நானு இருந்தேங்கிறதே தெரியாது.”

என் அப்பா செராமிக் கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு சூளை, ஆறு பேர். பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்வார். அந்தப் பரம்பரை அறிவு அன்றைக்கு என் வாயில் வந்து உட்கார்ந்தது.

“அண்ணே, உங்க வூட்டு வாஷ்பேசின் மேல சுண்ணாம்பு அடிச்சா நிக்குமா?”

“எப்பிடி நிக்கும்? வழிஞ்சிடும்.”

“உங்க பேரையே வாஷ்பேசின் மாதிரி பண்ணிட்டா?”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து என் தோளில் கை வைத்தார். அரசியலுக்கு நான் அளித்த ஒரே தத்துவம் அதுதான். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வெள்ளைப் பீங்கான் பலகை, நீல எழுத்து, மேலே கண்ணாடி மாதிரி கிளேஸ் பூச்சு. அண்ணன் பெயர், பட்டங்கள் எல்லாம் போட்டும் மேலே இரண்டு அங்குலம் காலியாக இருந்தது. இடத்தை நிரப்ப அந்தந்த ஊரின் பெயரைப் போட்டேன். சூளையைப் பிரித்தபோது அப்பா ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

“எடுக்கணும்னா எப்படிடா எடுப்பீங்க?”

“எதுக்குப்பா எடுக்கப் போறோம்?”

அப்பா ஏழாவது வரை படித்தவர். நான் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறவன். அதனால் பேச்சு அத்துடன் முடிந்தது.

பதிக்கிற வேலை கொளஞ்சி மேஸ்திரிக்கு. “செவுரு உழுந்தாலும் பேரு உழக் கூடாது மேஸ்திரி” என்று அண்ணன் சொன்னார். கொளஞ்சி தன் தொழில் வாழ்க்கையில் சொன்னதைச் சொன்னபடி செய்தது அந்த ஒரு தடவைதான். நிழற்குடைக்கு வந்த சிமெண்டில் பாதியைப் பலகைக்குப் பின்னால் வைத்துப் பூசிவிட்டார்.

மூன்று வருடம் எங்கள் பலகைகள் ராஜாங்கம் நடத்தின. எதிர்க்கட்சிக்காரர்கள் தார் பூசினார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். போஸ்டர் ஒட்டினார்கள், மழையில் தானே உரிந்தது. திட்டக்குடி ரோட்டில் ஒரு நிழற்குடையின் கூரையே காற்றில் பறந்துபோனது. பெயர் மட்டும் வெயிலில் இன்னும் பிரமாதமாக மின்னியது.

2006 மார்ச்சில் தேர்தல் தேதி அறிவித்தார்கள். நடத்தை விதி அமலுக்கு வந்தது. அரசியல்வாதிகளின் பெயர் பொது இடத்தில் எங்கேயும் தெரியக் கூடாது. தாலுகா ஆபீஸ் ஆட்கள் வாளியோடு கிளம்பிப் பதினேழிலும் சுண்ணாம்பு அடித்தார்கள். வெயில் ஏறியதும் சுண்ணாம்பு காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தேய்த்துக் கழுவிவிட்ட மாதிரி அண்ணன் பளிச்சென்று வெளியே வந்தார். அப்புறம் பெயிண்ட் அடித்தார்கள். ஸ்கூல் பையன்கள் நகத்தால் கீறி முழுத் தோலாக உரித்து விளையாடினார்கள்.

அண்ணனுக்கு உள்ளுக்குள் பெருமைதான். “பாத்தியா தம்பி, கவர்மெண்டாலயே அழிக்க முடியல” என்றார். புதன்கிழமை காலையில் தாசில்தார் போன் செய்த பிறகு அந்தப் பெருமை இறங்கியது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குள் ஒரு பெயர்கூடத் தெரியக் கூடாது, தெரிந்தால் வழக்கு.

வழக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. வெள்ளி சாயந்திரம்தான் எங்கள் கட்சியின் வேட்பாளர் பட்டியலும் வருவதாக இருந்தது. வழக்கு இருக்கிறவனுக்கு இந்தத் தடவை சீட்டு கிடையாது என்று தலைமை கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அடுத்த ஆளாக ஒன்றியச் செயலாளர் தங்கதுரை தயாராக நின்றார். கேமரா வைத்த புது செல்போனோடு நிழற்குடை நிழற்குடையாகப் போய்க்கொண்டும் இருந்தார்.

மறைப்பதற்கு நான் இன்னொரு யோசனை சொன்னேன். மைதா பசை காய்ச்சி, பழைய பேப்பரை நாலு மடிப்பாக ஒட்டிவிடலாம் என்றேன். வியாழக்கிழமை முழுவதும் ஒட்டினோம். மைதா பசைக்கு ஆடுகளிடம் இருக்கிற செல்வாக்கு எனக்குத் தெரியாது. வெள்ளி காலையில் போய்ப் பார்த்தால், பதினேழு ஊரிலும் ஆடுகள் பெஞ்சு மேல் ஏறி நின்று பேப்பரைத் தின்று முடித்திருந்தன. மணவாளநல்லூர் பக்கம் ஓர் ஆடு அண்ணன் பெயரை நக்கிக்கொண்டிருந்ததைத் தங்கதுரை படம் எடுத்துவிட்டதாகச் சேதி வந்தது.

“வேற வழியில்லண்ணே, ஒடைச்சிட வேண்டியதுதான்” என்றேன்.

அண்ணன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு, “மேஸ்திரிய வரச் சொல்லு” என்றார்.

ஒரு காண்ட்ராக்டர் தேர்தலுக்காகக் கொடுத்திருந்த டாடா சுமோவில் நான்கு பேர் கிளம்பினோம். அண்ணன் முன்னால், நானும் கொளஞ்சியும் பின்னால், டிரைவர் இஞ்ஞாசி. சம்மட்டி என் காலடியில். கொளஞ்சி பூசிய சிமெண்டைக் கொளஞ்சியாலேயே உடைக்க முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும், “இன்னா வேல செஞ்சி வெச்சிருக்கான் பாரு” என்று தன்னையே மெச்சிக்கொண்டார். மூன்றாவது நிழற்குடையில் பலகையோடு சுவரும் வந்துவிட்டது. அங்கே டீக்கடையில் இருந்த ஒருவர், “எலெக்‌ஷனுக்கு முந்தி கட்டித்தான் பாத்திருக்கேன், இடிக்கிறத இப்பதான் பாக்குறேன்” என்றார். அண்ணன் அவருக்குக் கும்பிடு போட்டார். பழக்கம்.

சாயந்திரம் நாலரைக்குப் பதினாறு பெயர் முடிந்திருந்தது. ஒவ்வொன்று உடையும்போதும் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசி நிழற்குடை கம்மாபுரம் தாண்டி, நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஊரில். ஊர்ப் பெயரை எழுதுவதற்கில்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதற்காக அளந்து கல் நட்டுவிட்டார்கள். கதை அச்சாகும்போது ஊர் இருக்குமா தெரியாது. சட்டமன்றத்தில் இதைக் கேட்கச் சொல்லி ஊர்க்காரர்கள் அண்ணனிடம் நாலு மனு கொடுத்திருந்தார்கள். நாலையும் நான்தான் ஃபைலில் போட்டேன். பத்திரமாக இருக்கின்றன.

நிழற்குடை பெஞ்சில் ஆராயி உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலடியில் ஆறு ஆடுகள், வாயில் இன்னும் பேப்பர்.

“இன்னா எம்மெல்லே, சம்மட்டியோட வந்திருக்கீங்க?”

“பேரு தெரியக் கூடாதுன்னு உத்தரவும்மா. கொஞ்சம் தள்ளிக்கோ.”

“மூணு வருசமா இதுக்குக் கீழதான் குந்தியிருக்கேன். இன்னா எழுதியிருக்குதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. ஒடைக்கிறதுக்கு முந்தி ஒருதரம் படிச்சிக் காட்டிட்டு ஒடைங்களேன்.”

நியாயமான கோரிக்கைதான். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். முதலில் ஊர்ப் பெயர். அப்புறம், “பயணியர் நிழற்குடை. திறந்து வைத்தவர், ஏழைகளின் தோழர், செயல்வீரர் தனக்கோடி, எம்.எல்.ஏ.”

“எங்க ஊரு பேரு இருக்குதா அதுல? எங்க?”

அவர் தொட்டுக் காட்டினார். ஆராயி எழுந்து வந்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பி, “ஏ ஆண்டாளு, இங்க வாடி. நம்ம ஊரு பேரு இதுல இருக்குதாம்” என்று கூப்பிட்டார். ஆண்டாள் வந்தார். கூடவே கருவேலங் கட்டைச் சுமையோடு நாலு பேர் வந்தார்கள்.

“ரோட்டு போர்டக் கழட்டிட்டானுவ. கல்லுல வெறும் நம்பருதான் போட்டிருக்கானுவ” என்றார் ஆண்டாள். “இன்னொருதரம் படிங்கய்யா.”

அண்ணன் படித்தார். இந்தத் தடவை கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். முப்பது பேர் ஆகியிருந்தார்கள்.

“உங்க பேர மட்டும் ஒடைச்சிக்கோங்க எம்மெல்லே. எங்க பேர வுட்டுட்டுப் போங்க” என்றார் ஆராயி.

அண்ணன் கொளஞ்சியைப் பார்த்தார். கொளஞ்சி என்னைப் பார்த்தார். பீங்கான் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் நான் விளக்கினேன்: “ஒரே பலகை அக்கா. ஒரே சூட்டுல வெந்தது. தட்டுனா மொத்தமாத்தான் போகும்.”

மணி நாலு ஐம்பது. “அண்ணே, நேரமாச்சு” என்றேன். அவர் சம்மட்டியைக் கையில் வாங்கினார். பதினாறு இடத்தில் தொடாதவர், இங்கே தானே வாங்கினார். பலகைக்கு எதிரே நின்றார். சம்மட்டியைத் தரையில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே மூன்றாவது முறை படித்தார்.

நான் அவருடைய எத்தனையோ கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதையும் முழுதாகப் படித்ததில்லை. அன்றைக்கு ஊர்ப் பெயரைச் சொல்லி நிறுத்தினார். மறுபடி சொன்னார். பிறகு தன் பெயரை, பட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு, வெறும் தனக்கோடி என்று சொன்னார். கூட்டம் கை தட்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது ஊருக்காகவா, அவருக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

“இத ஒடைக்க வேணாம் மேஸ்திரி” என்றார்.

“அண்ணே, கேஸு. சீட்டு போயிடும்ணே.”

“தெரியும் தம்பி.”

தாசில்தாரின் ஜீப் சரியாக ஐந்து மணிக்கு வந்து நின்றது. அவர் இறங்கி, பலகையைப் பார்த்தார், சம்மட்டியைப் பார்த்தார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். “நானே போன் பண்ணிச் சொன்னேனேங்க” என்று மட்டும் வருத்தமாகச் சொன்னார். அரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து பட்டியல் வந்துவிட்டது. என் செல்போனுக்குச் சேதி சொன்னவரே தங்கதுரைதான். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

அடுத்த போன் இஞ்ஞாசிக்கு. பேசிவிட்டு அவர் சுமோவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“இன்னா இஞ்ஞாசி?”

“காண்ட்ராக்டர் பேசுனாருண்ணே. வண்டிய இப்பவே தங்கதுரை அண்ணன் வூட்டாண்ட நிறுத்தச் சொல்றாரு.” கொஞ்சம் யோசித்து, “கம்மாபுரம் வரைக்கும் வேணும்னா வுட்றேன்” என்றார்.

“வேணாம்பா. நீ போ. நாங்க பஸ்ஸுல வந்துக்கறோம்.”

அண்ணன் தன் நிழற்குடையில், தன் பெயருக்குக் கீழே உட்கார்ந்தார். நானும் கொளஞ்சியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. இதுவரை நான் சொன்னவற்றை நினைத்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டேன். கால் மணி கழித்துத் தூரத்தில் பஸ் தெரிந்தது. மூன்று பேரும் எழுந்து கை காட்டினோம். பஸ் எங்களைத் தாண்டிப் போய், நூறு அடி தள்ளி ஒரு கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது.

“இங்க எந்த பஸ்ஸுங்க நிக்குது? கம்பத்துக்கிட்டதான் நிப்பாட்டுவான். ஓடுங்க” என்றார் ஆராயி.

“பின்ன நீ எதுக்கு மூணு வருசமா இங்க குந்தியிருக்க?” என்றார் அண்ணன்.

“ஆட்ட நெழல்ல கட்டத்தான்.”

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஐந்து வருடத்தில் தொகுதிக்குள் அவர் இவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. கொளஞ்சி சம்மட்டியோடு பின்னால் ஓடினார். ஏறியதும் கண்டக்டர் டிக்கெட் என்றார்.

“நான் எம்.எல்.ஏ.ங்க. எனக்குப் பாஸ் உண்டு. வூட்ல இருக்குது.”

கண்டக்டர் சிதம்பரம் டிப்போக்காரர். சம்மட்டியையும் எங்கள் மூன்று பேரின் சிமெண்டுத் தலையையும் பார்த்தார். “எந்த எம்.எல்.ஏ.?” என்றார்.

அண்ணன் குனிந்து, பின்பக்கக் கண்ணாடி வழியாகக் கையை நீட்டினார். “அதோ அங்க எழுதியிருக்குது பாருங்க.”

கண்டக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மூன்று விருத்தாசலம் என்றேன். அவர் விசில் ஊதினார்.