முப்பத்தொன்றாம் வரிசை, ஏழும் எட்டும்

லாரிமோர் ஸ்டேட் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களின் இணைய மன்றத்தில் ‘பழைய கோச்’ என்ற பெயரில் எழுதுகிற ஆள் நான்தான். வயது ஐம்பத்தேழு. ஊரின் ஒரே பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை. பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடும் இந்த அமெரிக்க ஃபுட்பாலில், நேராக என் கைக்கே வந்த பந்தைக்கூட நான் பிடித்ததில்லை.

பொய் சொல்லி அந்தப் பெயரை வாங்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. விளையாட்டாக வைத்த பெயர் அது. யாரோ ஒருவர், “சார், நீங்க எந்த வருஷம் நம்ம டீம்ல இருந்தீங்க?” என்று கேட்டார். “அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்று பதில் போட்டேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் ஓய்வுபெற்ற பயிற்சியாளர். அடக்கமானவர் என்ற நல்ல பெயரும் கூடவே வந்தது. நடீன் என்ற என் சொந்தப் பெயரில் எழுதியிருந்தால் மூன்று பேர் என்னைத் திருத்தியிருப்பார்கள். பழைய கோச் வெறும் ‘ம்’ போட்டாலும் நாற்பது பேர் அதற்கு உள்ளர்த்தம் தேடினார்கள்.

என் வேலையும் இதற்குத் தோதானது. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் முப்பது வருடமாகப் பேசி வருகிறேன். மறுத்துப் பேசாதவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது பழகிவிட்டது.

மெர்ல் என் முன்னாள் கணவன். பதினோரு வருடங்களுக்கு முன் பிரிந்தோம். வீடு எனக்கு, படகும் நாயும் அவனுக்கு. சீசன் டிக்கெட்டை யாருக்கு எழுதுவது என்று வக்கீல் கேட்டபோது மட்டும் இருவரும் ஒரே நேரத்தில், “அது அப்படியே கெடக்கட்டும்” என்றோம். அந்த வருடம் முழுக்க நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். முப்பத்தொன்றாம் வரிசை, ஏழும் எட்டும். கல்லூரி அரங்கத்தில் அந்த இரண்டு இருக்கைகளின் பதிவு அவன் பெயரில். வருடத்துக்கு ஆறு சனிக்கிழமைகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஃபுட்பாலைத் தவிர வேறெதுவும் பேசாமல், அவன் கொண்டுவரும் பீன்ஸ் குழம்பில் பாதியை நான் சாப்பிட்டுவிடுவேன். இதற்கு நான் ஒரு பெயரும் வைத்ததில்லை. பழக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், மெர்லுக்குப் பழைய கோச் என்றால் உயிர். கல்யாணமாகியிருந்த பத்தொன்பது வருடத்தில் நான் சொன்ன ஒன்றையும் ஏற்காதவன், என் வார்த்தைகளையே எனக்குப் பாடம் எடுப்பான்.

“பழைய கோச் என்ன எழுதியிருக்காரு பாத்தியா? இந்தப் பையனால இடது பக்கம் எறிய முடியாதாம்.”

“அதத்தான போன வாரம் நான் சொன்னேன்?”

“நீ சும்மா சொன்ன. அவரு தெரிஞ்சு சொல்றாரு.”

இன்னொரு நாள், “பாவம் மனுஷன். அவரு பக்கத்து சீட்ல ஒரு மண்டு ஒக்காந்திருக்கானாம். தோத்தா காத்து மேல பழி போடுவானாம்” என்று விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். சிரித்து முடித்ததும் கொடியைப் பார்த்துவிட்டு, “எதிர்க்காத்து” என்றான்.

இந்த வசந்தத்தில் எங்கள் கூட்டணி உடைந்தது. எட்டுக் கல்லூரிகள் சேர்ந்து ஆடிய கூட்டணியிலிருந்து மூன்று கல்லூரிகள் ஒரே வாரத்தில் கழன்றுகொண்டன. தொலைக்காட்சிக்காரர்களின் செல்லப் பிள்ளையான கிரேட் ரிவர்ஸ் கூட்டணி இன்னும் இரண்டு கல்லூரிகளைச் சேர்க்கப் போவதாகப் பேச்சு. அந்த இரண்டில் நாமும் ஒன்றா என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சில்லை. பாதிரியார்கூடப் பிரார்த்தனையில் அதைச் சேர்த்துக்கொண்டார். அழைப்பு வரட்டும் என்று வெளிப்படையாகக் கேட்காமல், “நம் எதிர்காலத்துக்காக” என்று பூசி மெழுகினார்.

இப்படிப்பட்ட நாட்களில் எங்களைப் போன்றவர்கள் விமானம் பார்ப்போம். கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு சிறிய விமானம் உண்டு. அதன் வாலில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைத் தட்டினால் அது எங்கே பறக்கிறது என்று கணினியில் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கடைவாய்ப் பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில், அது செயின்ட் லூயிஸில் இறங்கியதைப் பார்த்தேன். கிரேட் ரிவர்ஸின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊர். கையுறையைக் கழற்றினேன். ‘விமானம் இறங்கிவிட்டது. மூட்டை கட்டுங்கள்’ என்று பழைய கோச் எழுதினார். மதியத்துக்குள் அறுநூறு பதில்கள். யாரோ அழுவதாகவே எழுதியிருந்தார்கள்.

அந்தக் கும்மாளத்தில் ஒருவர் கேட்டார்: “கோச், பெரிய கூட்டணிக்குப் போனா அரங்கத்துல எல்லாருக்கும் புதுசா எடம் ஒதுக்குவாங்களே, எங்க சீட்டு என்னாகும்?”

எனக்குத் தெரியாது. ஆனால் பழைய கோச் ‘தெரியாது’ என்று எழுதியதாகச் சரித்திரமே இல்லை. ஆகவே எழுதினேன்: ‘இரண்டு சீட்டு சேர்ந்து வைத்திருப்பவர்களை மூலைக்குத் தள்ளுவார்கள். ஒற்றை சீட்டுக்காரர்களுக்கு நடுவில் இடம் கிடைக்கும். இடம் மாற்றும் வாரம் இதுதான். இப்போதே பதிவைப் பிரித்துக்கொள்ளுங்கள்.’ மிகுந்த திருப்தியோடு அடுத்த நோயாளியை உள்ளே அழைத்தேன்.

புதன்கிழமை மெர்ல் வந்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவன் பல்லையும் நான்தான் சுத்தம் செய்கிறேன். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோதே ஆரம்பித்துவிட்டான்.

“காலைல டிக்கெட் ஆபீஸுக்குப் போயிட்டு வந்தேன். பதிவப் பிரிச்சாச்சு. நட்ட நடு சீட்டு, நடீன்! ஐம்பதாவது கெஜக் கோட்டுக்கு நேரா!”

“எந்தப் பதிவ?”

“நம்மளோடதுதான். ஒனக்குத் தனியா ஒண்ணு போட்டாச்சு, நீ போய் எடம் பாத்துக்க. ஒனக்கும் நல்லதுதான?”

“யாரு சொன்னா பிரிக்கச் சொல்லி?”

“பழைய கோச்சு” என்று சொல்லிவிட்டு, வாயை அகலத் திறந்தான்.

அவன் ஈறில் அன்று கொஞ்சம் அதிகமாகவே ரத்தம் வந்தது. சரியாகப் பல் தேய்ப்பதில்லை என்று கண்டித்து அனுப்பினேன்.

வியாழக்கிழமை செய்தித்தாளில் விஷயம் வந்தது. எங்கள் கல்லூரித் தலைவர் செயின்ட் லூயிஸுக்குப் போனது கூட்டணிப் பேச்சுக்கு இல்லை. அங்கே வேறொரு கல்லூரியில் தனக்கு வேலை தேடிப் போயிருக்கிறார். கிரேட் ரிவர்ஸ் எங்களோடு பேசவே இல்லை. வேறு இரண்டு கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டது. மன்றத்தில் ஒருவரும் பழைய கோச்சைத் திட்டவில்லை. ‘விமானம் இறங்கியது என்றார், இறங்கியதுதானே’ என்று எனக்காக வாதாடினார்கள். நாலு திட்டு விழுந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய கூட்டணியில் இடம் கிடைக்காததைப் பற்றி எனக்கு ஒரு துளி வருத்தமும் வரவில்லை. ஆறு வருடமாக மன்றத்தில் அதற்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஆனால் அன்று முழுக்க நான் நினைத்ததெல்லாம், ஆட்டங்கள் தொடங்கும் செப்டம்பரில் அந்தக் குழம்பு டப்பாவை யாருடைய முழங்கையோ இடிக்கப் போகிறது என்பதைத்தான். ஐம்பத்தேழு வயதில் ஒருத்தி தன்னைப் பற்றித் தெரிந்துகொள்கிற லட்சணமா இது? எல்லாரும் எங்கே போகிறார்கள் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு சனிக்கிழமைகளில் நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று பார்க்கவில்லை.

டிக்கெட் ஆபீஸுக்கு ஃபோன் செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை திரும்பச் சேர்க்கலாம், இரண்டு பேரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஏழும் எட்டும் ஏற்கெனவே யாருக்கோ போய்விட்டன.

சுலபமான வழி ஒன்று இருந்தது. ‘அவசரப்பட்டுப் பிரித்தவர்கள் திரும்பச் சேருங்கள்’ என்று பழைய கோச் ஒரு வரி எழுதினால் போதும், மெர்ல் காலையில் ஆபீஸ் வாசலில் நிற்பான். எழுதியும் விட்டேன். அனுப்பத்தான் விரல் வரவில்லை. அவன் வந்து என் பக்கத்தில் உட்காருவான், கோச் சொன்னதற்காக. எனக்கே என்மேல் பொறாமை வந்த தருணம் அது. அழித்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

“மெர்ல், சீட்டத் திரும்பச் சேத்துக்கலாம். நாளைக்குக் கடைசி நாள்.”

“என்ன வெளையாடுறியா? நடு சீட்டு! பழைய கோச்சே சொல்லியிருக்காரு.”

“பழைய கோச் ஒரு முட்டாள்.”

“அவரப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும். நான்தான் அது.”

அந்தப் பக்கம் குரைத்த நாயை அதட்டினான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

“அந்த… காத்து மேல பழி போடுற மண்டு?”

“நீதான்.”

“ஆறு வருஷமா?”

“ஆமா.”

“நான் அவருக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்தெல்லாம் அனுப்பினேனே!”

“கெடச்சுது. நல்லா எழுதியிருந்த.” “எனக்கு ஒன் பக்கத்துல ஒக்காரணும், மெர்ல். கோச்சுக்கு இல்ல. எனக்கு.”

ஃபோனை வைத்துவிட்டான்.

மறுநாள் நான்கு மணிக்கே போய் டிக்கெட் ஆபீஸில் உட்கார்ந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்காலுக்கு அவள் விண்ணப்பத்தாள்களை அடுக்க ஆரம்பித்தபோது, திருத்தமாகச் சொல்லும் பழக்கமுள்ள நான், “உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் வேகமா ஓடுது” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நாலு ஐம்பத்தைந்துக்கு மெர்ல் வந்தான். என்னைப் பார்க்காமல் அவளிடம் கேட்டான்.

“சேந்தாப்புல ரெண்டு சீட்டு எங்க இருக்கு?”

“வடகிழக்கு மூலைல மட்டுந்தான் சார், கடைசிக்கு முந்தின வரிசை. நீங்க நடு சீட்ட விட்டுக் குடுக்கணும். அப்புறம் திரும்பக் கேட்டா கெடைக்காது.”

“நல்லா யோசிச்சுக்க” என்றேன்.

“நீ கொஞ்சம் வாய மூடு, கோச்சு” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். பேனாவை என்னிடம் நீட்டினான். என் கையெழுத்து கோணலாக விழுந்தது. தினமும் அடுத்தவர் வாய்க்குள் கூரான கம்பியை விடுகிற கை அது.

இடத்தைப் பார்க்க மேலே ஏறினோம். எண்பது படிகள். நடுவில் இரண்டு தடவை நின்றான். இரண்டு தடவையும் எனக்காக நிற்பதாகச் சொன்னான். காலி அரங்கத்தின் உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. மைதானம் ஒரு தபால் அட்டை அளவுக்குத் தெரிந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பம்.

“ஸ்கோர் போர்டே தெரியல இங்கேர்ந்து” என்றான்.

“நான் எட்டிப் பாத்துச் சொல்றேன்.”

“நீ சொன்னா நான் நம்புவேனா?” என்று கேட்டபடி, பெஞ்சில் தூசியைக் கையால் தட்டினான். தன் இடத்தைத் தட்டிவிட்டு, பக்கத்து இடத்தையும் தட்டினான்.