அசையாம நில்லுங்க

ஒரு பெயின்ட் டப்பா, அதில் ஊசியால் குத்திய ஓட்டை, உள்ளே போட்டோத்தாள். அவ்வளவுதான் என் கேமரா. ஓட்டையைத் திறந்தால் எதிரில் இருப்பவர் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் படத்தில் ஆளே விழ மாட்டார். நில்லுங்கள் என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வராது. கூச்சம் பிடுங்கித் தின்னும். அதனால் நாற்காலி, வாளி, சுவர் என்றே எடுத்துத் தள்ளினேன். மனசுக்குள் திட்டுவதில் மட்டும் நான் கெட்டிக்காரி.

அக்கா புருஷனுக்குக் கறிக்கடை. எலும்பு வெட்டுகிற கையாலேயே அக்காவையும் அடிப்பார். அவள் உதடு கிழிந்து எங்கள் வீட்டுக்கு வந்தால், பின்னாலேயே வந்து, வழுக்கி விழுந்துவிட்டாள் என்பார். தையல்காரரான எங்கள் அப்பா அதை நம்பி, கொஞ்சம் பொறுத்துப் போம்மா என்று திருப்பி அனுப்பிவிடுவார். பாழாய்ப்போன நம்பிக்கை.

அக்கா சொல்லித்தான் போன வாரம் அவர்கள் முற்றத்துச் சுவர்மேல் டப்பாவை ஒளித்துவைத்துத் திறந்தேன். அவர் பெல்ட்டால் விளாசினார். படத்தில் மூலையில் சுருண்டு கிடந்த அக்கா மட்டும் இருந்தாள். ஓயாமல் கை வீசியவர் விழவே இல்லை.

"இதுல மாப்பிள்ளையே இல்லையேம்மா," என்றார் அப்பா.

நேற்று மதியம் மறுபடி போனேன். அவர்கள் முற்றத்தில் அக்கா புருஷன் அவள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். அவள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. டப்பாவை எதிரே ஸ்டூலில் வைத்தேன்.

"மாமா, அப்படியே அசையாம நில்லுங்க. ஒரு போட்டோ."

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். பெயின்ட் டப்பாவில் போட்டோவா என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் அக்காவின் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு, வேட்டையாடியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ஓட்டையைத் திறந்தேன். அக்கா என்னையே பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் பிடியை இறுக்கினார். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது, தலை மட்டும் ஆடவில்லை. நான் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். தலையைத் திருப்பப் போனவரை, "ஆடாதீங்க," என்று அதட்டினேன். நின்றார், படுபாவி.

ஓட்டையை மூடியதும் அக்காவை எட்டி உதைத்தார். அவர் கையைக் கடித்து, முடியை விடுவித்து, அவளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

சாயங்காலம் வந்தார். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று தொடங்கினார். நான் கழுவி எடுத்திருந்த படத்தை அப்பா அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் முகம் செத்துப்போனது. சும்மா விளையாட்டுக்கு மாமா என்று இழுத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை என்று குழைந்த அப்பா, ஓங்கி ஓர் அறை விட்டார். மாப்பிள்ளையின் உதடு கிழிந்தது.

"வெளிய போடா."